பிரிட்டனின் புகை எங்கே போனது?

2024 செப்டம்பர் 30. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ராட்கிளிஃப்-ஆன்-சோர் அனல்மின் நிலையம் அன்று தன் கடைசி நிலக்கரியை எரித்து முடித்தது. எட்டு பிரம்மாண்டமான குளிர்விப்புக் கோபுரங்களோடு, 2,000 மெகாவாட் திறனோடு, 1960களின் இறுதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த நிலையம் அது. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்து ஊருக்கு விற்கும் தொழிலைத் தொடங்கியதே லண்டன்தான். 1882இல் ஹோல்பர்ன் வையடக்டில் எடிசனின் நிறுவனம் அதைச் செய்தது. 142 ஆண்டுகள் கழித்து அந்தத் தொழில் பிரிட்டனில் முடிவுக்கு வந்தது. ஜி7 நாடுகளில் நிலக்கரி மின்சாரத்தை முற்றிலுமாகக் கைவிட்ட முதல் நாடு என்ற பெயரும் அதோடு கிடைத்தது.

அதே செப்டம்பர் 30 அன்று, தெற்கு வேல்ஸின் கடலோர ஊரான போர்ட் டால்பட்டில் இன்னொரு நெருப்பும் அணைந்தது. அங்கிருந்த எஃகு ஆலையின் கடைசி ஊதுலையை டாடா ஸ்டீல் நிறுவனம் மூடியது. பிரிட்டனிலேயே மிக அதிகமாகக் கரியமில வாயுவை வெளியிட்ட தொழிற்சாலை வளாகங்களில் முதன்மையானது அது. நூறாண்டுக்கும் மேலாக அந்த ஊருக்குச் சோறு போட்டதும் அதுதான். இந்த மூடலோடு 2,000க்கும் மேற்பட்ட வேலைகள் போயின.

முதல் செய்தியை உலகம் கொண்டாடியது. இரண்டாவது செய்தி வேல்ஸுக்கு வெளியே அவ்வளவாகப் பேசப்படவில்லை. ஆனால் நாட்டின் உமிழ்வுக் கணக்கில் இரண்டும் ஒரே பத்தியில்தான் பதிவாகின்றன, 'குறைவு' என்று. ஒரு நாட்டின் உமிழ்வு வரைபடம், கோடு இறங்கியதை மட்டும் காட்டும். அது யார் தலையில் இறங்கியது என்பதைத் தேடிப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் கோட்டை அப்படிப் படிப்பது நமக்கு அவசியம். ஏனென்றால் அந்த நாடு நடந்த பாதையில்தான், முன்னும் பின்னுமாக, மற்ற எல்லா நாடுகளும் நடக்கப்போகின்றன.

எண்களை முதலில் பார்த்துவிடுவோம். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டன் ஆண்டுக்குச் சுமார் 66 கோடி டன் கரியமில வாயுவை வெளியேற்றியது. அதுவே உச்சம். இன்று அது சுமார் 30 கோடி டன். தலைக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய 12 டன்னிலிருந்து நாலரை டன்னுக்கு வந்திருக்கிறது. பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்த ஆண்டுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இவ்வளவு குறைவான அளவு கடைசியாக இருந்தது விக்டோரியா மகாராணி காலத்தில், 1880ஐ ஒட்டிய ஆண்டுகளில். அன்று அந்த நாட்டின் மக்கள்தொகை இன்றிருப்பதில் பாதி. குதிரை வண்டியும் நீராவி ரயிலும் ஓடிய காலத்து அளவுக்கு, காரும் கணினியும் விமானமும் உள்ள ஒரு நாடு திரும்பியிருக்கிறது. இது சாதாரண விஷயம் அல்ல.

ஏறிய கதை

பூமிக்கடியில் கிடந்த கரியைத் தோண்டி எடுத்து, அதில் ஒரு நாகரிகத்தையே ஓட்டலாம் என்று முதலில் காட்டியவர்கள் பிரிட்டிஷார். சுரங்கத்துக்குள் ஊறும் நீரை இறைக்க 1712இல் தாமஸ் நியூகாமன் ஓர் இயந்திரம் செய்தார். கரியை எரித்து ஓடிய அந்த இயந்திரம், இன்னும் ஆழத்திலிருந்து கரியை எடுக்க வழி செய்தது. ஜேம்ஸ் வாட் அதைத் திருத்தியதும் எரிபொருள் செலவு வெகுவாகக் குறைந்தது. ஓர் இயந்திரத்துக்கு ஆகும் கரி குறைந்தால் நாடு எரிக்கும் கரியும் குறையும் என்றுதானே நினைப்போம்? 1865இல் 'நிலக்கரிப் பிரச்சினை' பற்றி நூல் எழுதிய பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் அப்படி இல்லை என்று காட்டினார். இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக, அது நுழையும் தொழில்கள் பெருகி, நாடு எரிக்கும் மொத்தக் கரி கூடிக்கொண்டே போனது.

மனித குலம் அதுவரை கரி எரித்துக் காற்றில் கலந்திருந்த கரியமில வாயுவில் பாதிக்கு மேல் பிரிட்டன் என்ற ஒரே நாட்டிலிருந்து போனது என்ற நிலை 1880களின் தொடக்கம் வரை நீடித்தது. 1913இல் அந்த நாட்டுச் சுரங்கங்கள் 29 கோடி டன் கரியை வெட்டி எடுத்தன. அதன் பிறகு அந்த அளவை அவை எட்டவே இல்லை. 1920இல் சுமார் 12 லட்சம் பேர் சுரங்கத் தொழிலாளர்கள்.

இந்தப் புகை என்ன செய்யும் என்பதைக் கண்டுபிடித்தவர்களில் பலரும் அந்த மண்ணில் இருந்தவர்களே. கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்பதை லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டால் 1859இல் சோதித்து அளந்தார். 1938இல் கை கேலண்டர் என்ற நீராவிப் பொறியாளர், தன் ஓய்வு நேரத்தில் உலகின் பல வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, கையாலேயே கணக்குப் போட்டு, பூமி ஏற்கனவே சூடேறிவிட்டது, அதில் கரி எரிப்பதற்குப் பங்கு உண்டு என்று ராயல் வானிலையியல் கழகத்தின் முன் வைத்தார். அங்கிருந்த வல்லுநர்கள் அதை நம்பத் தயங்கினார்கள். அவர் சொன்ன திசை சரி என்பது இன்று நமக்குத் தெரியும்.

கண்ணுக்குத் தெரிந்த புகைதான் முதலில் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய கொடும்புகையில் 4,000 பேர் இறந்ததாக அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை உயர்த்தின. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டுக் கணப்புகளில் புகை குறைந்தது. ஆனால் கரியமில வாயு குறையவில்லை, அதற்கு நிறமும் இல்லை, நெடியும் இல்லை. கரி எரியும் இடம் வீட்டிலிருந்து நகருக்கு வெளியே உயர்ந்த புகைபோக்கிகளுக்கு மாறியது. உமிழ்வுக் கோடு இன்னும் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஏறியது.

கோட்டில் விழுந்த பள்ளங்கள்

பிரிட்டனின் உமிழ்வு வரைபடத்தில் திடீர்ப் பள்ளங்கள் சில உண்டு. 1921இல் ஒன்று. 1926இல் கிணறு போல ஒன்று. 1984இல் ஒன்று. அறியாதவர் பார்த்தால் ஏதோ அற்புதமான கொள்கை முடிவு எடுத்த ஆண்டுகள் என்று நினைக்கக்கூடும். மூன்றும் சுரங்கங்கள் நின்ற பட்டினி ஆண்டுகள்.

1926 மே மாதம் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்து வேலை நேரத்தைக் கூட்ட முயன்றார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களுக்குச் சுரங்கக் கதவு சாத்தப்பட்டது. கூலியில் ஒரு பென்னி குறையக் கூடாது, நேரத்தில் ஒரு நிமிடம் கூடக் கூடாது என்று தொழிலாளர்கள் நின்றார்கள். மற்ற தொழிற்சங்கங்களின் பொது வேலைநிறுத்தம் ஒன்பதே நாளில் முடிந்தது. சுரங்கத்தார் மட்டும் குளிர்காலம் தொடங்கும் வரை தாக்குப்பிடித்து, பசியால் தோற்று, குறைந்த கூலிக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டு நாட்டின் கரி உற்பத்தி ஏறக்குறைய பாதியானது. வரைபடத்தில் தெரியும் கிணறு அதுதான்.

1984 மார்ச்சில், 20 சுரங்கங்களை மூடப்போவதாகவும் 20,000 வேலைகள் போகும் என்றும் தேசிய நிலக்கரி வாரியம் அறிவித்தது. யார்க்ஷயரின் கார்ட்டன்வுட் சுரங்கத்தில் பற்றிய கோபம் நாடெங்கும் பரவியது. உண்மையில் எழுபதுக்கும் மேற்பட்ட சுரங்கங்களுக்குக் குறி வைத்திருக்கிறார்கள் என்று தொழிற்சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் சொன்னார். அரசு மறுத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2014இல் வெளியான அமைச்சரவை ஆவணங்களில் 75 சுரங்கங்கள் என்ற திட்டம் இருந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ ஓராண்டு கூலியில்லாமல் நின்றார்கள். பெண்கள் ஊர் ஊராகப் பொதுச் சமையலறை நடத்தினார்கள். 1985 மார்ச்சில் ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே அவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் சுரங்கங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடியது.

அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சர் வேதியியல் படித்தவர். 1988இல் ராயல் சொசைட்டியிலும் 1989இல் ஐ.நா. பொது அவையிலும் புவி வெப்பமாதல் குறித்து எச்சரித்த முதல் பெரிய நாட்டுத் தலைவர்களில் ஒருவர். அந்த உரைகளுக்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் சுரங்கங்களை அவர் மூடியது காலநிலைக்காக அல்ல. தொழிற்சங்கத்தின் முதுகெலும்பை முறிக்கவும், நட்டக் கணக்கை முடிக்கவும்தான். உள்ளூர்க் கரி நின்ற பிறகும் மின் நிலையங்கள் இறக்குமதிக் கரியை எரித்துக்கொண்டிருந்தன. சுரங்கம் மூடியதால் உமிழ்வு குறைந்தது என்று எழுதுகிறவர்கள் இரண்டு தனித்தனிக் கதைகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். பாதி ஊர் வேலையிழந்த யார்க்ஷயருக்கும் தெற்கு வேல்ஸுக்கும் அது இழைக்கும் இன்னொரு அநியாயம்.

சரிவு தொடங்கிய இடம்

உமிழ்வைக் கீழே இழுத்த முதல் பெரிய கை, வட கடலின் எரிவாயு. 1965இல் அங்கே வாயு கிடைத்தது. அதுவரை கரியைச் சுட்டு எடுத்த நகர வாயுவில் எரிந்த அடுப்புகளை 1967 முதல் 1977 வரை தெருத் தெருவாக, வீடு வீடாகச் சென்று மாற்றினார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள். நாட்டின் ஒவ்வொரு சமையலறைக்குள்ளும் நுழைந்து பத்தாண்டில் எரிபொருளை மாற்றிய அந்த வேலையை, இன்று 'வீடுகளை மாற்றவே முடியாது' என்று சொல்கிறவர்களுக்கு நினைவூட்ட வேண்டும்.

1990இல் மின்துறை தனியார்மயமானது. மின் நிலையங்களில் எரிவாயு எரிப்பதற்கு ஐரோப்பிய அளவில் இருந்த கட்டுப்பாடும் அடுத்த ஆண்டு நீங்கியது. புதிய வாயு மின் நிலையங்களைக் கட்ட முதலீடும் குறைவு, காலமும் குறைவு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குக் கரி வெளியிடும் கரியமில வாயுவில் பாதியைத்தான் அவை வெளியிடும். 1990இல் இல்லை என்றே சொல்லத்தக்க எரிவாயு மின்சாரம், 2000இல் ஐந்தில் இரண்டு பங்கு ஆகிவிட்டது. இதுவும் லாபக் கணக்கில் நடந்த மாற்றமே.

திட்டமிட்டு இறக்கியது அதற்குப் பிறகுதான். 2008இல் காலநிலை மாற்றச் சட்டம் நிறைவேறியது; நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஐந்தைந்து ஆண்டுகளுக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியிடலாம் என்ற வரம்பைச் சட்டமாக்கி, அதைக் கண்காணிக்க அரசுக்குக் கட்டுப்படாத ஒரு நிபுணர் குழுவையும் அது அமைத்தது. ஆட்சி மாறினாலும் வரம்பு மாறாது என்பதே அந்தச் சட்டத்தின் உயிர். 2013இல் மின் நிலையங்கள் எரிக்கும் கார்பனுக்கு அடிப்படை விலை வந்தது. 2015 முதல் டன்னுக்குச் சுமார் 18 பவுண்ட், ஐரோப்பியச் சந்தை விலைக்கு மேல் கூடுதலாக. கரி சட்டென்று கட்டுப்படியாகாமல் போனது. காற்று மாசு குறித்த ஐரோப்பிய விதிகளும் பழைய நிலையங்களை வெளியேற்றின. 2012இல் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு கரியிலிருந்து வந்தது. 2016இல் அது பத்துக்கும் கீழே இறங்கியது. 2020இல் வெறும் இரண்டு விழுக்காட்டளவு. ஒரு பெரிய தொழில்நாடு எட்டே ஆண்டுகளில் இதைச் செய்தது.

கரி விட்ட இடத்தைக் காற்று நிரப்பியது. கடலுக்குள் காற்றாலை நடுவது பணக்காரர் விளையாட்டு என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அரசு நீண்டகால விலை உறுதி கொடுத்து ஏலம் விட்டது. 2017 ஏலத்தில் ஒரு மெகாவாட்-மணி 57.50 பவுண்ட், இரண்டே ஆண்டில் 40 பவுண்டுக்கும் கீழே. இன்று நாட்டின் மின்சாரத்தில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு காற்றிலிருந்து வருகிறது. மீன்பிடித் தொழில் சரிந்து சோர்ந்திருந்த கிரிம்ஸ்பி துறைமுகத்திலிருந்து இப்போது காற்றாலைப் பராமரிப்புப் படகுகள் புறப்படுகின்றன. ஹல் நகரில் காற்றாலை இறக்கை செய்யும் தொழிற்சாலை 2016இல் திறந்தது. பத்தாண்டுகளில், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியான கரியமில வாயு 419 கிராமிலிருந்து 124 கிராமாகக் குறைந்தது. எல்.இ.டி. விளக்கு, திறன்கூடிய குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றால் மின்தேவையே குறைந்ததற்கும் இதில் பங்குண்டு. ஜெவன்ஸின் விதி இந்த முறை பலிக்கவில்லை.

ராட்கிளிஃப் மூடியதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். கரி மின்சாரத்துக்கு முடிவு தேதி குறிக்கப்போவதாக அரசு அறிவித்தது 2015இல். ஒன்பது ஆண்டு அவகாசம். வேலை மாறுவதற்கும் ஓய்வு பெறுவதற்கும் வேறு தொழில் கற்பதற்கும் நேரம் இருந்தது. போர்ட் டால்பட்டில் 2024 ஜனவரியில் அறிவிப்பு, செப்டம்பரில் மூடல். பழைய இரும்பை உருக்கி எஃகு செய்யும் மின்வில் உலை அங்கே வரப்போகிறது, அரசும் அதற்கு 50 கோடி பவுண்ட் தருகிறது. ஆனால் அதன் கட்டுமானப் பணி தொடங்கியதே 2025 ஜூலையில். அது எஃகு வார்க்கத் தொடங்க அங்கிருந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். புதியது தயாராவதற்கு முன்பே பழையதை அணைத்தால் இடைப்பட்ட ஆண்டுகளை யார் உண்ணாமல் கடப்பது? ஒரே நாளில் நடந்த இரண்டு மூடல்களுக்கும் உள்ள வேறுபாடு இந்த அவகாசம்தான். நம் நாட்டுச் சுரங்கப் பகுதிகளான நெய்வேலியும் சிங்கரேணியும் ஜரியாவும் என்றாவது இந்த இடத்துக்கு வந்து நிற்கும்போது நம்மவர்கள் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை ஆண்டு முன்னறிவிப்பு என்பதே.

கணக்குக்கு வெளியே

உமிழ்வுக் கணக்கு எல்லைக்கோட்டுக்குள் எரிந்ததை மட்டும் எண்ணுகிறது. போர்ட் டால்பட்டில் உருட்டு ஆலைகள் இன்றும் ஓடுகின்றன; வெளிநாட்டில் வார்த்த எஃகுப் பாளங்கள் கப்பலில் வந்து இறங்குகின்றன. அந்தப் பாளத்தின் புகை அது வார்க்கப்பட்ட நாட்டின் கணக்கில் ஏறும். அங்கே ஊதுலை அணைவதற்குப் பத்து நாள் முன்பு, 2024 செப்டம்பர் 20 அன்று, ஒடிசாவின் கலிங்காநகரில் இந்தியாவின் மிகப் பெரிய ஊதுலையை டாடா ஸ்டீல் தொடங்கிவைத்தது. வேல்ஸ் உலை ஒடிசாவுக்கு இடம் மாறிவிட்டது என்று இதைச் சொல்லக் கூடாது. கலிங்காநகர் எஃகு இந்தியாவின் வளரும் தேவைக்கானது. ஆனால் வானத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

சீனாவில் செய்த தொலைக்காட்சி, வங்கதேசத்தில் தைத்த சட்டை என்று வாங்கும் பொருள்களின் புகையையும் சேர்த்தால் பிரிட்டனின் உமிழ்வு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுகிறது. அந்தக் கணக்கிலும் 2007க்குப் பிறகு இறக்கம் உண்டு. எனவே 'எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்துவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டில் முழு உண்மை இல்லை. மின்துறையில் நடந்த மாற்றம் அசல் மாற்றம். ஆனால் பெருமை பேசும் அரசியல்வாதிகள் எடுத்துக்காட்டும் எண், இரண்டில் சிறியது.

வட யார்க்ஷயரின் டிராக்ஸ் நிலையம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. முன்பு கரி எரித்த அந்த நிலையம் இப்போது அமெரிக்க, கனடியக் காடுகளிலிருந்து வரும் மரத்துகள் வில்லைகளை எரிக்கிறது. மரம் மீண்டும் வளரும் என்ற கணக்கில், அதன் புகைபோக்கியிலிருந்து போகும் கரியமில வாயுவை நாட்டின் எரிசக்திக் கணக்கில் பூஜ்யம் என்று எழுதுகிறார்கள், மானியமும் கொடுக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் எரியும் மரம் மறுபடி வளர அரை நூற்றாண்டு ஆகும்.

பழைய கணக்கும் இருக்கிறது. கரி, எண்ணெய், எரிவாயு எரித்து பிரிட்டன் இதுவரை வெளியேற்றிய மொத்தம் சுமார் 7,800 கோடி டன். இன்று ஆண்டுக்கு பிரிட்டனைப் போல் பத்து மடங்கு வெளியேற்றும் இந்தியா, இருபது மடங்கு மக்களை வைத்துக்கொண்டும், மொத்தக் கணக்கில் இன்னும் அந்த அளவை எட்டவில்லை. இந்தியர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு இரண்டு டன். பிரிட்டிஷார் ஒருவரின் பங்கு, இவ்வளவு குறைத்த பிறகும், அதைவிட இரு மடங்குக்கு மேல். கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். ஜெவன்ஸ் காலத்து ஆலைகளின் புகையில் ஒரு பகுதி இப்போதும் நம் தலைக்கு மேல் இருக்கிறது.

இனி வீட்டுக்குள்

பிரிட்டன் எளிதான பாதியை முடித்திருக்கிறது. சில பத்து மின் நிலையங்களை மாற்றினால் போதும் என்ற கட்டம் அது; சாமானிய மனிதர் ஸ்விட்சைப் போட்டபோது விளக்கு எரிந்தது, அது எதில் எரிந்தது என்று அவர் கவனிக்கவில்லை. இன்று அதிகம் உமிழும் துறை போக்குவரத்து. 1990 முதல் 2019 வரை அதில் பெரிய மாற்றமே இல்லை; எஞ்சின்கள் சிக்கனமாகின, கார்கள் பெருத்தன, பெருகின. வீடுகளில் ஐந்தில் நான்குக்கு மேல் எரிவாயுக் கொதிகலனில் சூடாகின்றன.

2040க்குள் உமிழ்வை 1990ஐவிட 87 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று 2008 சட்டம் அமைத்த நிபுணர் குழு 2025 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. அப்போது பாதி வீடுகள் வெப்பப் பம்புகளால் சூடாக வேண்டும். 2023இல் அவை ஒரு விழுக்காடு. இதற்குக் குறுக்கே நிற்பது தொழில்நுட்பம் அல்ல, விலை. 2025இல் அந்த நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை, ஒரு யூனிட் எரிவாயுவைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. பசுமைத் திட்டங்களின் செலவை மின்கட்டணத்தில் சுமத்திவைத்திருந்தது அதற்கு ஒரு காரணம். அந்தச் சுமையை அங்கிருந்து இறக்குங்கள் என்பது குழுவின் முதன்மையான பரிந்துரைகளில் ஒன்று. அரசியலோ வேறு பக்கம் திரும்புகிறது. 2008இல் கட்சி வேறுபாடின்றி நிறைவேறிய சட்டத்தை, ஆட்சிக்கு வந்தால் ரத்து செய்வோம் என்று 2025 அக்டோபரில் கன்சர்வேட்டிவ் தலைவர் கெமி பேடனாக் அறிவித்தார். அதற்கு ஆறு மாதம் முன்பு, ஸ்கன்தார்ப் எஃகு ஆலையின் ஊதுலைகள் அணையாமல் காக்க ஒரு சனிக்கிழமையில் நாடாளுமன்றத்தைக் கூட்டி அவசரச் சட்டம் போட்டது தொழிற்கட்சி அரசு. போர்ட் டால்பட்டுக்குக் கிடைக்காத அந்தச் சனிக்கிழமையை வேல்ஸில் பலர் கேள்வியாக எழுப்பினார்கள். அந்தக் கேள்விக்கு லண்டனிலிருந்து நேரான பதில் இன்னும் வரவில்லை.